மகளுக்கு மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது, கையில் 65,000 ரூபாய்: எந்த லேப்டாப் வாங்கலாம்?

ராஜபாளையத்து அப்பா

வணக்கம். கவுன்சிலிங்கில் மகளுக்குக் கோவையில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் இன்ஜினியரிங் படிக்கப் போகும் முதல் ஆள் அவள்தான். அடுத்த மாதம் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும்.

லேப்டாப்புக்கு 65,000 ஒதுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு கடை ஏறி இறங்கினேன், குழப்பம்தான் மிச்சம். ஒரு கடையில் "மெக்கானிக்கல்னா கிராபிக்ஸ் கார்டு இல்லாம எதுவுமே ஓடாது சார்" என்று 92,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப்பை எடுத்து வைத்தார்கள். மீதிப் பணத்துக்குத் தவணை போட்டுத் தருகிறார்களாம். இன்னொரு கடையில் 43,000க்கு ரைசன் 5 ப்ராசஸர், 8 ஜிபி ராம். "இதுவே போதும், வேணும்னா அப்புறம் ராம் ஏத்திக்கலாம்" என்கிறார்கள்.

நான் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். மெஷினைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், மெஷினைப் பிரித்துப் பார்த்து எது சரி என்று கண்டுபிடித்துவிடுவேன். இதில் அந்த வழி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான்கு வருஷம் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

நான்காம் ஆண்டு மெக்

அப்பா, வணக்கம். நான் மெக்கானிக்கல் கடைசி வருஷம், 2021 ரெகுலேஷன் (பாடத்திட்டம்). எங்களுக்கு முதல் செமஸ்டரில் கம்ப்யூட்டர் என்றால் பைத்தான் மட்டும்தான். இரண்டாவதில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் வந்தது. அது டிராஃப்டரும் ஷீட்டும் வைத்துக் கையால் போடுவது, லேப்டாப்பே தேவைப்படவில்லை. மெஷின் பாகங்களை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளை நாங்கள் தொட்டது இரண்டாம் வருஷத்தில். இப்போது ரெகுலேஷன் மாறிவிட்டது, ஆனாலும் முதல் வருஷத்திலேயே கனமான மென்பொருள் வரும் என்று நினைக்கவில்லை.

அதனால் அவசரமே வேண்டாம். காலேஜ் லேபில் சிஸ்டம் இருக்கிறது. ஒரு வருஷம் போகட்டும், டிபார்ட்மெண்டில் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்த 92,000 லேப்டாப்புக்குத் தவணை மட்டும் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

கேட் மேசை

அம்பத்தூரில் ஆட்டோ பாகங்கள் வடிவமைக்கும் கம்பெனியில் இருக்கிறேன். சாலிட்வொர்க்ஸும் க்ரியோவும்தான் தினசரி வேலை. "கார்டு இல்லாமல் ஓடாது" என்று கடையில் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லியே பல வீடுகளில் முப்பதாயிரம் கூடுதலாக வாங்கிவிடுகிறார்கள்.

ஸ்கெட்ச் போடுவது, அதற்குக் கனம் கொடுத்து எக்ஸ்ட்ரூட் செய்வது, ஒரு அளவை மாற்றினால் மாடல் மறுபடி கட்டிக்கொள்வது எல்லாம் ப்ராசஸர் செய்கிற வேலை. அதிலும் ஒரு ஃபீச்சர் முடிந்தால்தான் அடுத்த ஃபீச்சர் என்று வரிசையாகப் போவதால், பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகம்தான் கணக்கு. கிராபிக்ஸ் கார்டு உதவுவது அந்த மாடலைத் திரையில் சுழற்றிப் பார்க்கும்போது. பாகங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த அசெம்ப்ளி என்றால் கார்டு இல்லாத மெஷின் தடுமாறும், உண்மை. ஆனால் கல்லூரியில் போடுகிற ஸ்க்ரூ ஜாக், ஃப்ளேஞ்ச் கப்ளிங், பிளம்மர் பிளாக் எல்லாம் விரல் விட்டு எண்ணக்கூடிய பாகங்கள். ப்ராசஸரோடு வரும் கிராபிக்ஸ் இதற்குத் தாராளம்.

இன்னொன்று. சாலிட்வொர்க்ஸ் தயாரிப்பாளர்கள் சோதித்துச் சான்று கொடுக்கும் கார்டுகளின் பட்டியல் தனி. அதில் இருப்பவை வொர்க்ஸ்டேஷன் கார்டுகள். கேமிங் லேப்டாப்பின் ஆர்டிஎக்ஸ் 3050, 4050 எல்லாம் அந்தப் பட்டியலுக்காகச் செய்தவை அல்ல. அவற்றிலும் மென்பொருள் நன்றாகவே ஓடும், நான் மறுக்கவில்லை. ஆனால் "மெக்கானிக்கலுக்கென்றே வந்த லேப்டாப்" என்று காட்டினால் நம்ப வேண்டாம்.

பாகம் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கும் ஆன்சிஸ் மென்பொருளைப் பற்றியும் யாராவது பயமுறுத்துவார்கள். மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆன்சிஸ் பதிப்பில் மெஷ்ஷின் (கணக்குக்காக மாடலைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிப்பது) அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குள் வரும் கணக்கைப் போட 16 ஜிபி ராமும் ஓரளவு நல்ல ப்ராசஸரும் போதும். வரம்பைத் தாண்டும் கணக்கை எப்படியும் லேபில்தான் ஓட்ட வேண்டும்.

மேக் புக் மாறன்

சார், பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்ற முடிந்தால் மேக்புக் ஏர் பாருங்களேன். நான் சிஎஸ்இ. காலையில் சார்ஜ் போட்டு எடுத்துப் போனால் ராத்திரி வரைக்கும் தாங்கும், ஒன்றேகால் கிலோதான், ஃபேன் சத்தமே கிடையாது. 2024 அக்டோபரிலிருந்து அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி வருகிறது. நான்கு வருஷம் கண்டிப்பாக உழைக்கும்.

கேட் மேசை

தம்பி, உங்கள் படிப்புக்கு அது அருமையான மெஷின். மெக்கானிக்கலுக்கு வேண்டாம். சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, க்ரியோ, ஆன்சிஸ் எதற்கும் மேக் பதிப்பு இல்லை. ஆட்டோகேட், ஃப்யூஷன் இருக்கின்றன, மேட்லேப் இருக்கிறது. ஆனால் லேபில் எல்லோரும் சாலிட்வொர்க்ஸில் செய்யும்போது இந்தப் பெண் மட்டும் வேறு வழி தேடிக்கொண்டிருக்க முடியாது.

இதே காரணத்துக்காக ஸ்னாப்டிராகன் ப்ராசஸர் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகளையும் தவிர்த்துவிடுங்கள். 2024 நடுவில் இருந்து கடைகளில் நிறைய வந்திருக்கின்றன, பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் அது ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப். நம்முடைய மென்பொருள்கள் இன்டெல், ஏஎம்டிக்காக எழுதப்பட்டவை. விண்டோஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து வாங்கிவிட்டு, சாலிட்வொர்க்ஸ் போட முடியாமல் நிற்கக் கூடாது.

சர்வீஸ் பெஞ்ச் மதுரை

அண்ணே, மதுரையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஜூன், ஜூலை வந்தால் இந்தக் கேள்வி தினமும் வரும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த 43,000 ரூபாய் ரைசன் 5. மாடல் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். 7520யூ என்றிருந்தால் வேண்டாம். ஏஎம்டியின் அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது எந்தக் காலத்து வடிவமைப்பு என்று சொல்வது. 7520இல் அது 2, அதாவது ஜென் 2. 7530 என்றால் ஜென் 3. 7640 என்றால் ஜென் 4. எல்லாவற்றிலும் மேலே "ரைசன் 5" என்றுதான் ஒட்டியிருக்கும். 7520யூவில் நான்கு கோர்தான், ராமும் போர்டிலேயே ஒட்டி வரும் வகை. "அப்புறம் ஏத்திக்கலாம்" என்று உங்களிடம் சொன்னார்களே, இந்த மாடலாக இருந்தால் அது நடக்கவே நடக்காது.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். டிஸ்ப்ளேக்கு வைத்திருக்கும் மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரிக்குப் போங்கள். கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி இருக்கும். அங்கே சோடிம் என்று போட்டிருந்தால் கழற்றி மாற்றலாம். ரோ ஆஃப் சிப்ஸ் என்று போட்டிருந்தால் போர்டோடு ஒட்டியது. பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். விற்பனையாளரிடம் வாதாடவே வேண்டியதில்லை.

இன்டெல் என்றால் நம்பர் எச் என்று முடிகிறதா, யூ என்று முடிகிறதா என்று பாருங்கள். ஐ5-12450எச், 13420எச் மாதிரி எச் என்று முடிவது கூடுதல் மின்சாரம் எடுத்து வேலையை வேகமாக முடிக்கும். யூவில் முடிவது பேட்டரியை மிச்சம் பிடிக்கும். மெக்கானிக்கலுக்கு நான் எச் பக்கம்தான் சொல்வேன்.

இரண்டாவது, ராம். முன்பெல்லாம் நானே "8 ஜிபி வாங்குங்க, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு 8 போட்டுத் தர்றேன்" என்று சொல்லி அனுப்புவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி தயாரிக்கத்தான் ஃபேக்டரிகள் முந்துகின்றன. க்ரூசியல் என்ற பெயரில் கடைகளுக்கு ராம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் வாங்கும்போதே 16 ஜிபியோடு வாங்கிவிடுங்கள். அதுவும் 8+8 என்று இரண்டு ஸ்லாட்டிலும் இருந்தால் நல்லது. தனி கார்டு இல்லாத மெஷினில் கிராபிக்ஸும் அந்த ராமைத்தான் பயன்படுத்துகிறது, இரண்டு வழியாகப் போனால் வேகம் கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது, ஹிஞ்ச். கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் என் பெஞ்சுக்கு மாணவர்களிடமிருந்து அதிகம் வருவது இதுதான். திரையைத் தாங்கும் ஹிஞ்ச்சின் ஸ்க்ரூ, பிளாஸ்டிக்குக்குள் பதித்திருக்கும் சின்னப் பித்தளை நட்டில் இறங்குகிறது. விலை குறைந்த மாடல்களில் ஹிஞ்ச் இறுக்கமாக இருக்கும், பிளாஸ்டிக் மெலிசாக இருக்கும். ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து திறந்து மூடினால், கொஞ்ச நாளில் அந்த நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். அப்புறம் மூடும்போது பாடி பிளந்துகொண்டு நிற்கும். பேனலையே மாற்றினால்தான் உண்டு. கடையில் திரையின் நடுவில் ஒரு விரல் வைத்துத் திறந்து பாருங்கள். அடிப்பாகம் தூக்கிக்கொண்டு வருகிறதா, கீபோர்டின் நடுவில் அழுத்தினால் அமுங்குகிறதா என்று பாருங்கள். மெயின்டனன்ஸ் பார்ப்பவர் நீங்கள், உங்கள் கைக்கே தெரிந்துவிடும்.

சிமுலேஷன் செந்தில்

எல்லோரும் கேமிங் லேப்டாப்பை ஒரே அடியாக ஒதுக்குவது சரியில்லை. சிஎஃப்டி (காற்று, நீர் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவது) பக்கம் வேலை செய்கிறேன், என் பார்வையையும் வையுங்கள்.

கேமிங் லேப்டாப்பில் கார்டு மட்டும் கூடுதல் இல்லை. இரண்டு ஃபேன், அகலமான ஹீட் பைப், இரண்டு ராம் ஸ்லாட், பல மாடல்களில் இரண்டு எஸ்எஸ்டி ஸ்லாட் என்று எல்லாமே தாராளமாக இருக்கும். ஒரு சிமுலேஷனை மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் மெல்லிய லேப்டாப் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இது குறைக்காது. ரெண்டரிங் செய்தாலும், பின்னால் மெஷின் லேர்னிங் பக்கம் போனாலும் கணக்கைக் கார்டிலேயே போட வைக்கும் என்விடியாவின் குடா இல்லாமல் சிரமம். மெக்கானிக்கல் படித்துவிட்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் இன்று நிறைய.

கேட் மேசை

> ஒரு சிமுலேஷனை மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் மெல்லிய லேப்டாப் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்

இதை ஒப்புக்கொள்கிறேன், கூலிங் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க சரி. ஆனால் மெஷின் லேர்னிங்குக்காக இப்போதே கார்டு வாங்க வேண்டியதில்லை. பிரவுசரில் ஓடும் கூகுள் கோலாபில் இலவசமாகவே டி4 என்ற ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) கிடைக்கிறது, அதே மாதிரியான கேகிளிலும் வாராவாரம் குறிப்பிட்ட மணி நேரம் தருகிறார்கள். 4 ஜிபி, 6 ஜிபி நினைவகமுள்ள லேப்டாப் கார்டைவிட அது பெரியது. படிக்கிற காலத்துக்கு அது போதும்.

லேப் மேடம்

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் பணியாற்றுகிறேன், கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் கேட் லேப் என் பொறுப்பு. நான்காம் ஆண்டுத் தம்பி சொன்ன "ஒரு வருஷம் காத்திருங்கள்" என்ற யோசனையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது.

மகளிர் ஹாஸ்டலில் சாயங்காலம் குறிப்பிட்ட நேரத்துக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். ஊருக்கு ஊர் நேரம் மாறும், ஆனால் பெரும்பாலும் பையன்களுக்கு இருக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். வகுப்பு முடிந்து, ஒரு டீ குடித்து, லேபுக்கு வந்தால் அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. பையன்கள் எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து பழகுகிறார்கள், அல்லது வெளியே அறை எடுத்திருக்கும் சீனியரின் மெஷினில் கற்றுக்கொள்கிறார்கள். மூன்றாம் வருஷத்தில் பார்த்தால், அசெம்ப்ளியை யார் கையாளுகிறார்கள், யார் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள் என்பது பிரிந்துபோயிருக்கும். திறமையில் வித்தியாசம் இல்லை, கையில் மெஷின் இருந்த நேரத்தில்தான் வித்தியாசம். இதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் அந்தப் பெண்ணுக்கு முதல் வருஷத்திலேயே வாங்கிக் கொடுங்கள் சார். லேபுக்காக யாரையும் எதிர்பார்க்காமல் ராத்திரி தன் கட்டிலில் உட்கார்ந்து தப்பும் சரியுமாகப் பழகட்டும்.

அதே காரணத்துக்காகத்தான் எடையைப் பாருங்கள் என்கிறேன். கேமிங் லேப்டாப் இரண்டேகால், இரண்டரை கிலோ வரும். அதன் அடாப்டர் அரை கிலோவுக்கு மேல். ரெக்கார்ட் நோட்டு, டிராஃப்டர், சாப்பாட்டு டப்பாவோடு இதையும் தினமும் யார் சுமப்பார்கள்? கொஞ்ச நாளில் ஹாஸ்டல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு வருவார்கள். கார்டு முழு வேகத்தில் ஓட வேண்டுமானால் அடாப்டரைச் செருகியே இருக்க வேண்டும், அதுவும் பாருங்கள். வகுப்பில் எல்லா பெஞ்சுக்கும் பிளக் பாயிண்ட் கிடையாது. ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. யுஎஸ்பி-சியில் 65 வாட் சார்ஜ் ஏறும் லேப்டாப்பாக இருந்தால் ஒரே சார்ஜரில் போனையும் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் ஆண்டு மெக்

மேடம், நீங்கள் சொல்வது சரி. ஹாஸ்டல் நேரத்தை நான் யோசிக்கவில்லை. எங்கள் பேட்ச் பெண்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

ராஜபாளையத்து அப்பா

எல்லோருக்கும் நன்றி. மதுரைத் தம்பி சொன்னபடி அந்தக் கடைக்குப் போய் நம்பரைப் பார்த்தேன். 7520யூ தான். டாஸ்க் மேனேஜரில் ரோ ஆஃப் சிப்ஸ் என்றே இருந்தது. பேசாமல் வந்துவிட்டேன்.

லேப் மேடம் எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். அவளே இந்த ஐடியிலிருந்து எழுதுகிறேன் என்கிறாள்.

வணக்கம் மேடம், அண்ணா எல்லோருக்கும் வணக்கம். நான்தான் மகள். கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியை மாணவர்களே செய்து போட்டியிடும் பாஹா எஸ்ஏஇ டீமில் சேர வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தக் கல்லூரியில் டீம் இருக்கிறது, அதனால்தான் கவுன்சிலிங்கில் அதை மேலே வைத்தேன். முழு வண்டியையும் கேட் மென்பொருளில் செய்வார்கள் என்று சீனியர் அக்கா சொன்னார்கள். அப்படியென்றால் எனக்குக் கார்டு வேண்டுமா? அப்பாவுக்கு 65,000க்கு மேல் செலவு வைக்க எனக்கு விருப்பமில்லை.

கேட் மேசை

நல்ல ஆசைம்மா, கண்டிப்பாகச் சேருங்கள். எங்கள் கம்பெனி இன்டர்வியூவில் பாஹாவில் வேலை செய்தவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளே வேறு.

வண்டி முழுவதும் ஒரே அசெம்ப்ளியாகச் சேரும்போது பாகங்கள் நூற்றுக்கணக்கில் வரும். அதைத் திறந்து வைத்து வேலை செய்யக் கார்டு இருந்தால் சுகம்தான். ஆனால் ஒரு டீமில் முழு அசெம்ப்ளியை எல்லோரும் வைத்திருப்பதில்லை. சஸ்பென்ஷனை ஒருவர், ஸ்டியரிங்கை ஒருவர், ரோல் கேஜை ஒருவர் என்று பிரித்துக்கொள்வார்கள். முதல் வருஷத்தில் சேருகிறவருக்கு ஒரு ப்ராக்கெட்டோ, ஒரு ஹப்போ கிடைக்கும். உங்கள் பங்கைச் செய்ய எச் ப்ராசஸரும் 16 ஜிபியும் தாராளம். சேர்த்துப் பார்க்க டீமில் ஒரு பெரிய சிஸ்டம் இருக்கும். பெரிய அசெம்ப்ளியை லேசாக்கித் திறக்கும் வசதியும் சாலிட்வொர்க்ஸிலேயே இருக்கிறது. லைட்வெயிட் என்று பெயர், முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். கிராக் செய்த மென்பொருளை யார் பென் டிரைவில் கொடுத்தாலும் போட வேண்டாம். அதைப் போட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், அந்த வழியாக என்ன உள்ளே வரும் என்று யாருக்கும் தெரியாது. காலேஜ் ஐடியை வைத்து ஆட்டோடெஸ்க் மாணவர் உரிமம் வாங்கினால் ஆட்டோகேட், இன்வென்டர், ஃப்யூஷன் மூன்றும் இலவசம், வருஷா வருஷம் புதுப்பித்தால் போதும். ஆன்ஷேப் என்று ஒன்று இருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும், மாணவர்களுக்குப் பணம் இல்லை. ஃப்ரீகேட் யாருக்கும் இலவசம், 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்த பிறகு நன்றாகவே தேறியிருக்கிறது. சாலிட்வொர்க்ஸ் கையில் வருவதற்கு முன்பே இவற்றில் கை பழகிவிடலாம்.

பழைய திங்க்பேட்

பணம் மிச்சமாக வேண்டுமென்றால் ரீஃபர்பிஷ்டு பக்கமும் பாருங்கள் சார். கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வரிசையாகக் கிடைக்கும். பாடி உறுதி, கீபோர்டு அருமை, பாகங்களும் சுலபமாகக் கிடைக்கும்.

சர்வீஸ் பெஞ்ச் மதுரை

பழைய திங்க்பேட் சார் சொல்வதில் உண்மை இருக்கிறது, உழைக்கும் மெஷின்கள்தான். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தையதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். எட்டாம் தலைமுறையும் இந்தப் பிள்ளை படித்து முடிக்கிற வரைக்கும் இழுக்குமா என்பது எனக்குச் சந்தேகம். பைத்தானுக்கும் ஆட்டோகேடுக்கும் சரி. பாஹா டீம் என்றால் வேண்டாம்.

அப்படியும் வாங்குகிறவர்கள் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. டிசைன் கெபாசிட்டி என்ன, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்ன என்று இரண்டு எண் வரும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கு வந்துவிட்டால், புது பேட்டரி விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சிவில் இரண்டாம் ஆண்டு

அரசு கொடுக்கும் லேப்டாப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். தங்கச்சி சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் வருகிறதா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள் அங்கிள். கிடைத்தால் பைத்தான், நோட்ஸ், பிபிடி எல்லாவற்றுக்கும் அது போதும்.

எங்கள் சிவிலிலும் இதே கதைதான். ரெவிட், ஈடாப்ஸ் எல்லாம் விண்டோஸ் மட்டும். அண்ணன் சொன்ன மாதிரி 16 ஜிபிதான் முக்கியம்.

இசிஇ கயல்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு இசிஇ கிடைத்திருக்கிறது. இதே கணக்கு எனக்கும் பொருந்துமா?

சிமுலேஷன் செந்தில்

பெரும்பாலும் பொருந்தும், கயல். உங்களுக்குக் கார்டு இன்னும் தேவையில்லை. ஆனால் ஸ்டோரேஜைப் பாருங்கள். எஃப்பிஜிஏ சிப்புகளுக்கு நிரல் எழுதும் விவாடோ மென்பொருளைப் போட்டால் அது ஒன்றே பல பத்து ஜிபியை விழுங்கும். இன்ஸ்டால் செய்யும்போது உங்கள் போர்டின் குடும்பத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் குறையும். 512 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள், இன்னொரு எஸ்எஸ்டிக்கு ஸ்லாட் இருந்தால் ரொம்ப நல்லது. விவாடோ விண்டோஸ், லினக்ஸ் இரண்டில்தான், மேக்கில் இல்லை. கெய்ல், ப்ரோட்டியஸ் விண்டோஸ். ஆர்டுயினோ, கிகேட் எதிலும் ஓடும், எல்டிஸ்பைஸ் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். போர்டு, ப்ரோகிராமர் எல்லாம் பழைய யுஎஸ்பி கேபிளோடுதான் வரும், அதனால் யுஎஸ்பி-ஏ போர்ட் இரண்டாவது இருக்கட்டும்.

ராஜபாளையத்து அப்பா

இன்று மதுரைக்குப் போய் வாங்கிவிட்டோம். எச் ப்ராசஸர், 16 ஜிபி, 8+8 என்று இரண்டும் சோடிம், 512 ஜிபி, தனி கார்டு இல்லை. எடை 1.7 கிலோ. யுஎஸ்பி-சியில் சார்ஜ் ஏறுகிறது. 61,500 ஆயிற்று. மிச்சத்தில் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டிக்கொண்டோம், வீட்டுக்கே வந்து பார்க்கும் வகை. ஹிஞ்ச்சை மூன்று மாடலில் திறந்து மூடிப் பார்த்தேன். இது ஒன்றில்தான் அடிப்பாகம் அசையாமல் நின்றது.

திரை மட்டும் கொஞ்சம் மங்கல்தான். 45 சதவீத என்டிஎஸ்சி (திரை எவ்வளவு நிறம் காட்டும் என்ற அளவு) என்று போட்டிருக்கிறது. நிறம் நன்றாக உள்ள திரையோடு வேண்டுமென்றால் இன்னும் ஏழாயிரம் கேட்டார்கள். மகளைக் கேட்டேன், டிராயிங்குக்குக் கோடு தெரிந்தால் போதும் என்றாள்.

சர்வீஸ் பெஞ்ச் மதுரை

அருமைண்ணே. திரையைப் பற்றி யோசிக்காதீங்க, பாப்பா சொன்னதுதான் சரி. இரண்டு வேலை இன்றைக்கே செய்துவிடுங்கள். கம்பெனி வெப்சைட்டில் சீரியல் நம்பரைப் போட்டு, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். சில சமயம் கடைக்கு வந்த தேதியே அதில் கிடக்கும். பில்லைக் காட்டி மாற்றச் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள், தாமதித்தால் அலைச்சல். இன்னொன்று, பில்லைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் பாப்பா போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் மெத்தை மேலே வைத்து ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், அடியில் காற்றுப் போகிற வழி அடைந்துவிடும். ஒரு பரீட்சை அட்டையைக் கீழே வைத்தாலே போதும்.

லேப் மேடம்

ரொம்ப சந்தோஷம் சார். மகளுக்கு ஒன்று: சாலிட்வொர்க்ஸ் கிடைத்ததும் புதிய பதிப்பாகப் பார்த்துப் போட வேண்டாம்மா. லேபில் எந்த ஆண்டின் பதிப்பு இருக்கிறது என்று கேட்டு அதையே போடுங்கள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. சமீபத்திய பதிப்புகளில் ஒன்றிரண்டு ஆண்டு பின்னோக்கிச் சேமிக்க வழி வந்திருக்கிறது, ஆனால் ரிவ்யூ அன்றைக்குக் காலையில் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ராஜபாளையத்து அப்பா

மேடம், மகள்தான் எழுதுகிறேன். டீம் சீனியர் அக்காவிடம் கேட்டேன், அவர்களிடம் 2023 இருக்கிறதாம். அதுவரைக்கும் ஆன்ஷேப்பில் கணக்குத் தொடங்கிவிட்டேன். முதலில் எதைச் செய்து பழகலாம்?

கேட் மேசை

வீட்டில் அப்பாவின் டூல் பாக்ஸில் ஒரு ஸ்பானரும் வெர்னியரும் இருக்குமே. ஸ்பானரை அளந்து, அதே அளவில் செய்யுங்கள். வாய் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள், ஏன் அப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதையும் அவரே சொல்வார். முடித்ததும் இங்கே படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.